காளி தூக்காத கால்

போட்டி வெகுநேரம் சமமாகவே போனது என்றுதான் திருவாலங்காட்டுக் கதை சொல்கிறது. சிவன் என்ன ஆடினாலும் காளி அதை ஆடிக் காட்டினாள். அடவுக்கு அடவு, சுழற்சிக்குச் சுழற்சி. கடைசியில் சிவன் காதிலிருந்து தோடு ஒன்று கழன்று விழுந்தது. ஆட்டத்தை நிறுத்தாமல் அவன் அதைக் கால்விரலால் கவ்வி எடுத்தான். அந்தக் காலை அப்படியே தலைக்கு மேலே உயர்த்திக் காதில் மாட்டிக்கொண்டான். அத்தனையும் ஆடிய காளி அதை மட்டும் ஆடவில்லை. நாணித் தலைகுனிந்தாள். தோற்றவள் ஆனாள்.

இந்தக் கதையில் காளிக்கு ஆடத் தெரியவில்லை என்ற பேச்சே கிடையாது. திறமையில் இருவரும் ஒன்று. சபை நடுவே ஒரு பெண்ணின் உடம்பு எதுவரை போகலாம் என்ற இடத்தில்தான் தீர்ப்பு எழுதப்பட்டது. தொண்டை மண்டலத்தைச் சேர்ந்த திருவள்ளூர் வட்டாரத்தில் இந்தக் கேள்வி ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பாட்டிலும் கல்லிலும் தெருப்புழுதியிலும் சுற்றிவந்திருக்கிறது. காலந்தோறும் வேறு வேறு பெண்கள் அதற்கு வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள். சில பதில்களைச் சொன்னவர்கள் பெண் வேடம் கட்டிய ஆண்கள்.

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் புறநகர் ரயிலில் திருவள்ளூர், கடம்பத்தூர், மணவூர் தாண்டினால் திருவாலங்காடு வரும். அக்கம்பக்கத்தவர்களுக்கு இந்த ஊர் என்றதும் கூட்டுறவு சர்க்கரை ஆலைதான் நினைவுக்கு வரும். மாவட்டத்தின் மறுகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். கடற்கரை ஓரமாக எண்ணூர், மணலி ஆலைகள். வெளியூர்க்காரர்கள் இந்தப் பக்கத்தை அறிந்திருப்பது புகைபோக்கிகளையும் கண்டெய்னர் லாரிகளையும் வைத்துத்தான். ஆனால் தமிழர்களின் ஆடற்கலை வரலாற்றை எழுத உட்காருபவர் யாரும் ஆலங்காட்டைத் தொடாமல் போக முடியாது. நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, நெல்லை தாமிரம், குற்றாலம் சித்திரம். ஆலங்காடு ரத்தின சபை. இறைவன் பெயர் வடாரண்யேசுவரர். ஆலமரக் காடு பெயரிலேயே இருக்கிறது.

வரலாற்று மாணவர்களுக்கு இந்த ஊரின் பெயர் செப்பேட்டால் பழக்கம். 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் மொத்தம் 31. முதலாம் ராஜேந்திர சோழன் தனது 6ஆம் ஆட்சியாண்டில், பக்கத்து ஊரான பழையனூரை இந்தக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்பவை. சோழர் குலவரிசையைத் தெரிந்துகொள்ள அறிஞர்கள் முதலில் புரட்டும் ஆவணங்களில் அதுவும் ஒன்று. கங்கை வரை படை அனுப்பிய மன்னன், வடக்கே இருந்த ஒரு சுடுகாட்டுக் கோயிலுக்கு ஊரையே எழுதிவைத்தான் என்றால் அந்த இடத்தின் பெருமை அதற்குமுன்பே நிலைத்திருக்க வேண்டும். அந்தப் பெருமையைத் தேடித் தந்தவர்களில் முதல்வர் ஒரு பெண்.

காரைக்காலில் வணிகர் குடும்பத்தில் பிறந்த புனிதவதியின் மாம்பழக் கதை தமிழ் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். கணவன் அவளைத் தெய்வம் என்று சொல்லி விலகிப் போன பிறகு அவள் செய்ததுதான் இங்கே முக்கியம். அவனுக்காகத் தாங்கிய அழகை இனிச் சுமக்க வேண்டாம் என்று உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கினாள். கயிலைக்குக் காலால் நடக்கக் கூடாது என்று தலையால் நடந்து போனாள் என்கிறது பெரியபுராணம். பிறகு ஆலங்காட்டுக்கும் அப்படியே வந்து, ஆடுபவனின் காலடியில் உட்கார்ந்து பாடினாள். அவள் தலையால் நடந்த மண்ணில் கால் வைக்க அஞ்சிச் சம்பந்தர் பழையனூரிலேயே தங்கினார் என்பது சைவர்கள் சொல்லும் செய்தி.

காரைக்கால் அம்மையார் என்று அழைக்கப்படும் புனிதவதியின் காலம் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு. தேவார மூவருக்கும் முந்தியவர் என்பதால்தான் அவர் ஆலங்காட்டைப் பாடிய இரண்டு பதிகங்களும் ‘மூத்த திருப்பதிகம்’ எனப் பெயர் பெற்றன. ஒன்றுக்கு நட்டபாடைப் பண், மற்றொன்றுக்கு இந்தளம். மரபுக் கவிஞர் ஆடற்பெண்ணை வருணிக்கத் தொடங்கினால் கொடியிடையும் மலர்விழியும் வரிசையாக வந்து நிற்கும். அம்மையார் எடுத்துக்கொண்டதோ வற்றிச் சுருங்கிய மார்பு, புடைத்தெழுந்த நரம்பு, குழிந்த வயிறு, நீண்ட கணைக்கால் கொண்ட பேய்ப்பெண். சுடுகாட்டு நெருப்பு, நரி, எலும்பு, கள்ளிச்செடி, நடுவே இறைவனின் ஆட்டம். ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களையும் கொக்கரை, தக்கை, துந்துபி, வீணை, மத்தளம், தமருகம், குடமுழா, மொந்தை என்று கருவிகளையும் அவர் அடுக்குகிறார். இசையும் தாளமும் தெரிந்த ஒருவர், மேடைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பார்த்து எழுதியது போல இருக்கிறது. தம்மைப் பாட்டின் கடைசியில் காரைக்கால் பேய் என்றே அறிமுகம் செய்துகொள்கிறார்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. உள்ளே எழும் உணர்வு உடம்பில் தானாகத் தெரிவதே மெய்ப்பாடு. மெய்யில் படுவது என்று சொல்லே விளக்கிவிடுகிறது. ஆடல் அரங்குகளில் உவகைக்கும் பெருமிதத்துக்கும் எப்போதும் இடம் உண்டு. அருவருப்பையும் அச்சத்தையும் வியப்பையும் ஒரே உடம்பில் ஏற்றி அதைப் பக்தியின் உச்சமாக ஆக்கிக் காட்டியது அம்மையாரின் துணிவு. காளி நாணத்தால் நின்ற இடத்தில் அம்மையார் நிற்கவில்லை. எந்த அழகைக் காப்பாற்றுவதற்காக நாண வேண்டுமோ, அந்த அழகையே கழற்றி வைத்துவிட்டார். ஆடும் உடம்பு அழகாக இருந்தே தீர வேண்டும் என்று இன்றும் நினைப்பவர்கள் இந்த இரண்டு பதிகங்களையும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

சிற்பிகள் அவரைப் புரிந்துகொண்டார்கள். ராஜேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்தில், ஆடும் சிவனின் காலடியில் அம்மையார் இருக்கிறார். எலும்பு தெரியும் தோளும் கையில் தாளமுமாக உட்கார்ந்திருக்கும் அவருடைய சோழர்கால வெண்கலச் சிலைகள் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கன்சாஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

ஆலங்காட்டிலிருந்து வெளியூர் போன இன்னொரு வெண்கலம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்து நடராசர். சுற்றி நிற்க வேண்டிய திருவாசி இல்லை; உடம்பு மட்டும் வெளியில் நிற்கிறது. அதனாலேயே ஒவ்வொரு உறுப்பின் வளைவும் கண்ணில் படுகிறது. எழும்பூரில் இருந்த இரண்டு நடராசர்களின் புகைப்படங்கள் விக்தர் கோலுபேவ் என்பவர் வழியாகப் பாரிஸில் சிற்பி ஒகுஸ்த் ரோடானின் கைக்குப் போயின. இரண்டில் ஒன்று ஆலங்காட்டுச் சிலை. ரோடான் இந்தியாவுக்கு வந்தவர் இல்லை. படங்களை மட்டும் பார்த்து, உதடு, கழுத்து, தோள், கால் என்று உறுப்பு உறுப்பாக நின்று ரசித்து, சிவனின் நடனம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1917இல் அவர் காலமான பிறகு, 1921இல் ஆனந்த குமாரசாமி, ஹேவல் ஆகியோரின் எழுத்துகளோடு அது புத்தகமாக வெளிவந்தது. மனித உடம்பை அசையும் பொருளாகக் கல்லிலும் வெண்கலத்திலும் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஒருவர், பெயர் தெரியாத சோழர்காலச் சிற்பியைத் தம் தொழிலின் பெரியவராகக் கண்டுகொண்டார்.

அந்தச் சிலையில் இருப்பது ஆனந்த தாண்டவம். காலைக் குறுக்கே தூக்கிய நிலை. காளியைத் தோற்கடித்த ஊர்த்துவ தாண்டவம் வேறு. நெற்றிக்கு நேரே பாதம் எழும் அந்த நிலைக்கு நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களில் லலாட திலகம் என்று பெயர். பாதத்தால் நெற்றியில் திலகம் இடுவது போன்ற நிலை. தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் கரணங்களைச் செதுக்கத் தொடங்கிய சிற்பிகள் 81 முடித்து, மீதிக் கற்களை வெறுமையாக விட்டுவிட்டார்கள். அங்கே ஆடுபவர் சிவன்.

சிதம்பரத்தில் கதை மாறுகிறது. கோபுர வாயில்களின் உள்சுவரில் 108 கரணங்களும் முழுமையாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஆடிக் காட்டுவது ஒரு பெண். பக்கத்தில் முழவுக்காரர்கள். 108இல் லலாட திலகமும் ஒன்று. அப்படியென்றால் காளி நாணி விட்ட காலை, சிதம்பரத்துக் கல்லில் ஒரு பெண் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். ஊர்த்துவ தாண்டவம் ஆண்களுக்கே உரியது என்று பிற்காலத்தில் யார் எப்படிச் சொன்னாலும், சிற்பி அதற்குக் கட்டுப்படவில்லை. கரணங்களை ஆய்வு செய்து 1970களில் அவற்றை மேடையில் மீண்டும் ஆடிக் காட்டிய பத்மா சுப்ரமணியமும் ஒரு பெண்தான்.

சிற்பம் கற்பனையாக இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். அதற்குத் திருவொற்றியூரில் பதில் இருக்கிறது.

திருவொற்றியூரும் மணலியும் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தவை. திருவொற்றியூர்க் கோயிலில் உறவாக்கின தலைக்கோலி என்று ஒருத்தி இருந்தாள். மூன்றாம் ராஜராஜன் தனது 19ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1235 வாக்கில், கோயிலுக்கு நேரில் வந்து அவள் நிகழ்த்திய அகமார்க்கத்தைக் கேட்டான். மணலியில் 60 வேலி நிலம் கொடுத்தான். நிலத்துக்கு உறவாக்கினநல்லூர் என்று அவள் பெயரையே வைத்தான். இன்று சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் நிற்கும் மணலியில், ஒரு காலத்தில் ஆடற்கலைஞர் ஒருத்தியின் பெயரில் ஊர் இருந்தது.

அவள் பெயரின் பின்பாதி வெறும் பெயர் கிடையாது, பட்டம். சிலப்பதிகாரத்தில் மாதவி 5 வயதில் தொடங்கி 7 ஆண்டு பயின்று, 12 வயதில் அரங்கேறுகிறாள். தோற்ற மன்னனின் வெண்கொற்றக்குடைக் காம்பில் செய்த தலைக்கோலை வலமாகக் கொண்டுவந்து அரங்கில் வைத்த பிறகே அவள் ஆடுகிறாள். முடிவில் தலைக்கோலிப் பட்டமும் 1,008 கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். அந்தக் காப்பியத்துக்குப் பல நூற்றாண்டு கழித்தும், சோழர்களின் கடைசிக் காலத்தில், ஒற்றியூரில் அதே பட்டம் புழக்கத்தில் இருந்திருக்கிறது.

அகமார்க்கம் என்றால் என்ன? சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் சாந்திக் கூத்தை நான்காகப் பிரிக்கிறார்: சொக்கம், மெய்க்கூத்து, அவிநயக்கூத்து, நாடகம். சொக்கம் கதையோ பொருளோ இல்லாத சுத்த ஆட்டம். அதில் 108 கரணங்களும் உண்டு என்கிறார். மெய்க்கூத்து உள்ளத்துச் சுவையிலிருந்து எழுவதால் அதற்கு அகமார்க்கம் என்று பெயர். உள்ளே இருப்பது உடம்பில் வெளிப்படுவதுதான் அந்தக் கலை. தொல்காப்பியரின் மெய்ப்பாட்டுக்கு ஒற்றியூர்க் கோயிலில் மேடை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கலையில் தேர்ந்தவளை ஓர் அரசன் உட்கார்ந்து கேட்டிருக்கிறான்.

14ஆம் நூற்றாண்டில் அதே கோயிலில் ஒரு வழக்கு எழுந்தது. பதியிலார், இடபத்தளியிலார், தேவரடியார் என்ற மூன்று பிரிவுப் பெண்களுக்குள், எந்தப் பணி யாருக்கு என்பதில் பிணக்கு. சம்புவராயர் காலத்தில் தொடங்கி விஜயநகர ஆட்சி வந்த பிறகும் அது நீண்டது. தீர்த்துவைத்த விவரம் கல்வெட்டில் இருக்கிறது. அதில் சொக்கமும் சந்திக்குனிப்பமும் பணிகளாகக் குறிக்கப்படுகின்றன. சொக்கம் என்றால் 108 கரணங்கள் என்ற உரையாசிரியர் வாக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சிதம்பரத்துச் சிற்பம் கற்பனை இல்லை என்பது தெளிவாகும். பெண்கள் கால் தூக்கி ஆடினார்கள். அது கோயில் பணி. அந்தப் பணிக்காக உரிமை கேட்டு வழக்கும் நடத்தினார்கள்.

அந்த மரபு பின்னால் எவ்வளவு சீரழிந்தது என்பதும், முத்துலட்சுமி ரெட்டி எத்தனை ஆண்டு போராடினார் என்பதும், 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்ததும் பலரும் எழுதிய வரலாறு. சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு முடிவு கட்டியது நியாயமே. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஆட்டம் சபா மேடைகளுக்குப் போன வேகத்தில், அதைக் காத்துவந்த பெண்களின் பெயர்கள் உதிர்ந்துபோயின. உறவாக்கின தலைக்கோலியின் பெயர் பிழைத்ததற்கு ஒரே காரணம் அது கல்லில் இருந்தது.

மேடை இல்லாமலே நடித்த ஒருத்தியும் இந்த வட்டாரத்தில் இருக்கிறாள். பழையனூர் நீலி. தன்னைக் கொன்ற வணிகனைப் பழிவாங்க, பேய் மனைவியாக உருமாறி, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபைக்கு வந்தாள். அழுதாள். அவள் அழுகையை 70 வேளாளர்களும் நம்பினார்கள். அவனுக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்து, இரவு அவனை அவளோடு தங்கவைத்தார்கள். விடிந்தபோது அவன் பிணம். 70 பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கினார்கள். பழையனூர் என்றதும் வாக்குத் தவறாதவர்கள் என்று ஊரைப் புகழ்வது இதனால்தான். தமிழ் மக்களின் நாவில் நின்றதோ அந்த நடிப்பு. யாராவது பொய்யாக அழுதால் ‘நீலிக்கண்ணீர்’ என்கிறோம். அழுகை என்ற மெய்ப்பாட்டை உடம்பில் பொய்யாகக் கொண்டுவர முடியும் என்பதற்கு மொழி வைத்த பெயர், திருவள்ளூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் பேயிடமிருந்து வந்தது. இதே பழையனூர் நீலியைத்தான் சமணர்கள் ‘நீலகேசி’ காப்பியத்தில் தத்துவம் பேசும் நாயகியாக மாற்றினார்கள்.

கோயில் மண்டபத்தில் ஆட்டம் நின்ற பிறகும், இந்த மண்ணில் இரவுகள் அமைதியாகிவிடவில்லை. தொண்டை மண்டலம் திரௌபதை அம்மன் கோயில்களின் நிலம். அறுவடை முடிந்து பங்குனி, சித்திரையில் கொடி ஏறினால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் தீமிதி. ஆடி வரை ஊர் மாற்றி ஊர் நடக்கும். ஆந்திர எல்லையை ஒட்டிய பகுதியில் இதன் உடன்பிறப்பு வீதி நாடகம்.

இந்தக் கூத்து உடம்பைப் பயன்படுத்தும் விதம் சபா மேடையிலிருந்து முற்றிலும் வேறு. பார்ப்பவர்கள் மூன்று பக்கமும் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி வரிசை ஆள் வயல் வரப்பில்கூட இருப்பார். அந்தக் காலத்தில் தீவட்டி வெளிச்சம்தான். கண்ணை மட்டும் உருட்டினால் யாருக்குத் தெரியும்? அதனால் உடம்பையே பெரிதாக்கினார்கள். கல்யாண முருங்கை மரத்தில் குடைந்து, கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். முழுக் கட்டை வேடம் கட்டிய துரியோதனன் சாதாரண மனிதனைவிட ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரிவான். அந்தச் சுமையோடுதான் அவன் பாட வேண்டும், அடவு வைக்க வேண்டும், கிறுக்கி போட்டுச் சுழல வேண்டும். முகவீணையும் ஆர்மோனியமும் மேல் சுருதியில் போகும். குரல் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை.

வேடம் உள்ளே வரும் முறையைப் பார்த்தாலே அந்தக் கலையின் நுட்பம் விளங்கிவிடும். இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய பாதம். நடுவில் உள்ள உடம்பு மறைந்திருக்கும். உள்ளிருந்து விருத்தம் எழும். மத்தளத்துக்குச் சலங்கை பதில் சொல்லும். கட்டியங்காரன் கேள்வி கேட்டுக் கேட்டு ஆவலைக் கூட்டுவான். பாதத்தின் ஓட்டத்தைப் பார்த்தே வருவது பீமனா அர்ச்சுனனா என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். திரை விலகும்போது கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

அர்ச்சுனன் தபசன்று நெடுமரம் ஒன்றை நட்டு, வேடம் கட்டியவர் படி படியாகப் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறுவார். மேலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானையை ஏந்தி நிற்பார்கள். படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் மல்லாந்த உருவமாகச் செய்து வைத்திருப்பார்கள். பட்டப்பகலில், பீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றி ஓடிப் போர் புரிவார்கள். தொடை பிளந்ததும் திரௌபதை விரித்த கூந்தலை முடிவாள். உயிருள்ள நடிகனின் உடம்பும் ஊர் சேர்ந்து பிசைந்த மண்ணுடம்பும் ஒரே களத்தில் நடிக்கும் காட்சி அது.

ஆனாலும் இந்தக் கட்டுரை தொடங்கிய கேள்விக்குக் கூத்து பதில் சொல்வது துகிலுரிதல் இரவில். ஆலங்காட்டுச் சபையில் நாணம் பெண்ணைத் தோற்கடித்தது. அத்தினாபுரத்துச் சபையிலும் நாணத்தைக் கொண்டே ஒருத்தியைத் தோற்கடிக்கப் பார்க்கிறார்கள். கூத்தில் என்ன நடக்கிறது? துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கை வைக்கும் முன் வேடத்தை விட்டு வெளியே வந்து, அம்மனிடம் பிழை பொறுக்கும்படி வேண்டுகிறார். கற்பூரம் ஏற்றுகிறார்கள். சேலையைப் பற்றி இழுக்கும்போது ஆவேசம் வந்து துச்சாதனனே மயங்கி விழுவதும் உண்டு. பக்கத்தில் இருப்பவர்கள் தாங்கிப் பிடிக்கக் காத்திருப்பார்கள். திரௌபதை நின்ற இடத்திலேயே நிற்கிறாள். வெட்கி விழுவது இழுத்தவனின் உடம்பு.

இதை ஆடியவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதையும் சொல்ல வேண்டும். திரௌபதை வேடம் பரம்பரையாக ஆண்கள் கட்டியது. அந்த நிலை கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கூத்துக் கலைஞர் பி. ராஜகோபாலும் சக கலைஞர்களும் 1990இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2002இல் புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் எழுந்தது. அதில் ராஜகோபாலோடு சேர்ந்து உழைத்தவர் அவருடைய மனைவி, கூத்து ஆய்வாளர் ஹன்னே டி புருயின். பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்த அந்த இடத்தில் பெண் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் ஏறின பெண் உடம்புகள் கிறுக்கி போட்டுச் சுழன்றன. துரியோதனனும் பீமனும் ஆயின. குருகுலம் 2020இல் மூடப்பட்டது. அங்கே பயின்ற பெண்கள் ஆடிக் காட்டியதை இனி யாரும் அழிக்க முடியாது.

வடதமிழ்நாட்டுக் கூத்தின் மற்றொரு பெரிய வீடு செய்யாறு பக்கத்துப் புரிசை. புரிசைத் தம்பிரான்களின் ஆட்டத்தைப் பார்த்து மனம் மாறியவர்தான் ந. முத்துசாமி. எழுத்தாளராக இருந்தவர் 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். வசனத்தை நம்பி நின்ற தமிழ் நாடகத்துக்கு நடிகனின் உடம்பு என்ற கருவி இருப்பதை அந்தப் பட்டறை நினைவூட்டியது. கூத்தின் அடவு, சிலம்பம், யோகம் எல்லாம் அங்கே நடிப்புப் பாடமாயின. தமிழ்ச் சினிமாவின் பல நல்ல நடிகர்கள் அங்கிருந்து வந்தார்கள். முத்துசாமி 2018இல் மறைந்தார்.

ரோடான் காலத்துக்கு நூறு ஆண்டு கழித்துப் பாரிஸுக்கு மறுபடியும் தொண்டை மண்டலத்து ஆட்டம் போனது. இந்த முறை புகைப்படமாகப் போகவில்லை. ஆரியான் முனுஷ்கின் நடத்தும் தெயாத்ர் து சோலெய் குழுவின் நடிகர்களுக்குப் புரிசை கண்ணப்ப சம்பந்தன் கூத்துப் பயிற்சி கொடுத்தார். 2016 நவம்பரில் பாரிஸில் அரங்கேறிய ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்தில், பல நாட்டு நடிகர்கள் கட்டை வேடம் கட்டித் தமிழில் பாடித் திரௌபதையின் துகிலுரிதலை ஆடினார்கள்.

உள்ளூரில் நிலைமை அத்தனை செழிப்பாக இல்லை. ஷிப்டுக் கணக்கில் வாழும் தொழிற்பேட்டை ஊர்களில் தொடர்ந்து பத்து இரவு கண்விழிப்பது லேசான காரியம் இல்லை. திருவிழாக் கமிட்டி இன்னிசைக் கச்சேரிக்குக் கொடுக்கும் பணத்தைக் கூத்துக்குக் கொடுக்க யோசிக்கிறது. விடியும்வரை நடந்த ஆட்டம் நள்ளிரவோடு முடித்துக்கொள்ளப்படும் ஊர்களும் உண்டு. அப்படிச் சுருக்கினால் முதலில் போவது உடம்பின் மொழிதான். கதை மட்டும் மிஞ்சும். திரைக்குப் பின்னால் நின்று ஆவலைக் கூட்டும் அந்த அரைமணி நேரம் வீணான நேரம் என்று நினைக்கும் ஊர், கூத்தையே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

இந்தப் பங்குனி, சித்திரையில் திருவள்ளூர்ப் பக்கமோ காஞ்சிபுரம் பக்கமோ திரௌபதை அம்மன் கோயிலில் கொடி ஏறினால், துகிலுரிதல் எந்த இரவு என்று விசாரித்து வையுங்கள். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பாயோடு போய் உட்காருங்கள்; விடிந்த பிறகு எழுந்திருங்கள். பகலில் ஆலங்காட்டுக்கும் ஒரு நடை போய் வரலாம். அங்கே ரத்தின சபைக்கு நேராகப் போய்விடக் கூடாது. தோற்றவளுக்குச் சிவன் கொடுத்த வரம் என்று ஊர் சொல்கிறது: முதல் வழிபாடு இன்றும் காளிக்குத்தான்.